கூடாரத்திலும் ஊரும் சேரியுமா?

"மலையேற்றம், கூடாரம், ஏரிக்கரை... இதெல்லாம் ஐடி கம்பெனிக்காரங்க பொழுதுபோக்கு தோழர். நமக்கு எதுக்கு இது?"

கல்லூரி வாசிப்பு வட்டங்களில் இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. வழக்கு, போராட்டம், தேர்வு, வீட்டுக்கடன் என்று ஆயிரம் வேலை இருக்கும்போது, இமயமலையில் ஒரு ஏரியைப் பார்க்க எட்டு நாள் செலவழிப்பது குற்றம்போலத் தோன்றுகிறது. நம் பாட்டன் பூட்டன் சுமக்காத சுமையா, நடக்காத நடையா, படுக்காத வெட்டவெளியா? அதையே காசு கொடுத்துச் செய்ய வேண்டுமா என்கிறார்கள்.

செய்ய வேண்டும் என்பதுதான் என் பதில். எப்படிச் செய்வது என்பதில் நமக்கென்று ஒரு வழி இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு வரலாறு. 1934-இல் ஒடுக்கப்பட்டோர் இயக்கத்தில் வேலை செய்த தோழர்கள் அண்ணல் அம்பேத்கரிடம் வந்து, ஒரு சுற்றுலா போகலாம், நீங்களும் வர வேண்டும் என்று கேட்டார்கள். இயக்க வேலை கெட்டுவிடும் என்று அவர் மறுக்கவில்லை. வேரூள் பௌத்தக் குகைகளைப் பார்க்கும்படி பயணம் திட்டமிடப்பட்டது. ஏறக்குறைய முப்பது பேர் பேருந்தில் கிளம்பினார்கள். வழியில் தௌலதாபாத் கோட்டை. புழுதிப் பயணம். கோட்டை வாசலருகே இருந்த சிறிய குளத்தில் சிலர் முகம், கை, கால் கழுவிக்கொண்டார்கள். அவ்வளவுதான். குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று ஒரு முதியவர் கத்திக்கொண்டு ஓடி வந்தார். கூட்டம் கூடியது. அந்த முதியவர் இந்துகூட அல்ல, முஸ்லிம். சாதி எவ்வளவு தூரம் ஊறியிருந்தது என்பதற்கு அண்ணல் அதையே சாட்சியாக வைக்கிறார். கடைசியில் உள்ளே போக அனுமதி கிடைத்தது. ஆனால் கோட்டைக்குள் எந்தத் தண்ணீரையும் அவர்கள் தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் ஏந்திய ஒரு காவலன் கூடவே அனுப்பப்பட்டான். 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற தன்வரலாற்றுக் குறிப்பில் இதை அவர் எழுதியிருக்கிறார்.

மகாடு குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தவர், ஏழாண்டு கழித்துத் தோழர்களோடு ஊர் சுற்றிப் பார்க்கவும் போனார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். மகாடு போராட்டம் என்பதால் வரலாறாகிவிட்டது, தௌலதாபாத் சுற்றுலா என்பதால் அடிக்குறிப்பாகிவிட்டது. இரண்டு இடத்திலும் கேள்வி ஒன்றுதான்: தண்ணீர் யாருடையது, பாதை யாருடையது, ஓய்வு யாருடையது? சாதி நம்மிடமிருந்து நிலத்தையும் கூலியையும் மட்டும் பறிக்கவில்லை. வேடிக்கை பார்க்கும் உரிமையையும் பறித்தது.

தீட்டுக் கதை சொல்லும் ஏரி

இப்போது மலைக்கு வருவோம். உத்தராகண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்தில், திரிசூல் சிகரத்தின் அடிவாரத்தில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 5000 மீட்டர் உயரத்தில் ரூப்குண்ட் என்று ஒரு சின்ன ஏரி இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி உறைந்து கிடக்கும். பனி உருகும் மாதங்களில் கரையில் மனித எலும்புகள் தெரியும். 1942-இல் வனத்துறை அதிகாரி ஒருவர் கண்டதிலிருந்து 'எலும்புக்கூடு ஏரி' என்று பெயர். 2017 செப்டம்பர் இறுதியில் நாங்கள் ஆறு பேர், ஆண்கள் நால்வர், பெண்கள் இருவர், அங்கே போனோம். ஒன்றரை வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு. ஸ்லீப்பர் கோச்சில் டெல்லி, அங்கிருந்து காத்கோதாம், பிறகு ஜீப்பில் ஒரு முழுப் பகல் பயணம் செய்தால் லோஹாஜங் என்ற மலைக்கிராமம். நடை அங்கே தொடங்குகிறது.

ஓக் காடும் ரோடோடென்ட்ரான் மரங்களும் தாண்டினால் மரமே வளராத உயரம் வருகிறது. அங்கே பரந்து கிடக்கும் புல்வெளிகளைப் புக்யால் என்கிறார்கள். அலி புக்யால், பேத்னி புக்யால் இரண்டும் அடுத்தடுத்து இருக்கின்றன. பேத்னியில் ஒரு சின்னக் குளம். காற்று இல்லாத காலையில் நந்தா குண்டியும் திரிசூலும் அதில் தலைகீழாக நிற்கின்றன. எங்களோடு வந்த தோழர் ஒருத்தி, செங்கல் சூளையில் பிறந்து வளர்ந்தவள், அதைப் பார்த்து வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "இவ்ளோ நாள் இதை யாரு அனுபவிச்சாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பாதையே பதில் சொல்கிறது. பேத்னிக்கு அடுத்த முகாம் பாதர் நச்சௌனி. நடனப் பெண்கள் ஆடிய இடம் என்று பொருள். உள்ளூர்க் கதை இது: கன்னோஜ் அரசன் ஜஸ்தவல், கர்ப்பிணி ராணியோடும் நடனப் பெண்களோடும் நந்தா தேவி யாத்திரைக்கு வந்தான். பெண்களை ஆடவிட்டு மலையின் புனிதத்தைக் கெடுத்தான். ஆடிய பெண்களைத் தேவி அங்கேயே பூமிக்குள் புதைத்தாள். மேலே ராணிக்குப் பிரசவமானது. பிரசவத் தீட்டு மலையைத் தொட்டது. கோபம் கொண்ட தேவி இரும்புக் குண்டுபோல ஆலங்கட்டி மழையைப் பொழிந்து எல்லோரையும் கொன்றாள். ஏரியில் கிடப்பவை அவர்கள் எலும்புகள்.

கதையை நன்றாகக் கவனியுங்கள். செத்தவர்கள் செய்த குற்றம் என்ன? ஒருத்தி ஆடினாள், ஒருத்தி பெற்றாள். உழைக்கும் பெண்ணின் உடல் தீட்டு, பெறும் பெண்ணின் உடல் தீட்டு. தீட்டுப்பட்டவர் மேலே ஏறினால் சாவு. மலைக்கு இந்தக் கதை தெரியாது. மலைமேல் மனிதன் எழுதி வைத்தது இது.

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் நந்தா தேவி ராஜ்ஜாத் யாத்திரையும் இந்த வழியில்தான் போகிறது. பாதையில் வரும் வாண் கிராமத்துக்கு அப்பால் பெண்கள் போகக் கூடாது, தோல் பொருள் போகக் கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. கட்டுப்பாடு இன்று தளர்ந்துவிட்டது, பெண்கள் போகிறார்கள். ஆனால் அதன் தர்க்கத்தை யோசித்துப் பாருங்கள். கட்வால் மலையில் டோலும் தமாவும் இல்லாமல் தெய்வம் எழுந்திருக்காது. அந்தத் தோல் மேளங்களை வாசிப்பவர்கள் ஔஜி, தாஸ் என்று அழைக்கப்படும் தலித் மக்கள். தோல் கூடாது என்றால் தோல் மேளம் கூடாது. தோல் மேளம் கூடாது என்றால் அதை அடிக்கும் கை? பறையைத் தெரிந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

எலும்புகள் சொன்னது வேறு

2019-இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. ரூப்குண்டில் கிடைத்த 38 பேரின் எலும்புகளிலிருந்து மரபணு எடுத்துச் சோதித்திருந்தார்கள். முடிவு எல்லோரையும் தூக்கிவாரிப் போட்டது. 23 பேர் தெற்காசிய மரபினர். அவர்களும் ஒரே இனக்குழுவைச் சேர்ந்தவர்கள் அல்ல, ஒரே நேரத்தில் இறந்தவர்களும் அல்ல, கி.பி. 7 முதல் 10-ஆம் நூற்றாண்டு வரையான காலத்தில் வெவ்வேறு சமயங்களில் இறந்தவர்கள். 14 பேர் கிழக்கு மத்தியதரைக்கடல் பகுதி மரபினர், இன்றைய கிரேக்க மக்களுக்கு நெருக்கமானவர்கள். ஒருவர் தென்கிழக்காசிய மரபினர். இந்தப் பதினைந்து பேரும் சுமார் ஆயிரம் ஆண்டுகள் கழித்து இறந்தவர்கள். 38 பேரில் ஆண்களும் உண்டு, பெண்களும் உண்டு.

ஒரு அரசன், ஒரு கூட்டம், ஒரு சாபம் என்ற கதை அத்தோடு முடிந்தது. எவருக்கும் சொந்தமில்லாத ஒரு ஏரியில், எங்கெங்கிருந்தோ வந்த மனிதர்கள் ஆயிரம் ஆண்டு இடைவெளியில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறார்கள். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியைச் சற்றே தாண்டும். தலை வலிக்கும், வாந்தி வரும், நுரையீரலில் நீர் கோத்தால் உயிர் போகும். அது யாரிடமும் குடும்பப் பெயர் கேட்காது.

ஒரு மணி நேரத்தில் எழும் ஊர்

குடும்பப் பெயரைக் கேட்டவர்கள் மனிதர்கள். தமிழ்நாட்டுக்காரர்களின் முன்னெழுத்து வடக்கே பெரிய குழப்பம். "பெயர் சரி, அதுக்கப்புறம் என்ன?" என்று லோஹாஜங்கிலிருந்தே கேட்டுக்கொண்டு வந்தார்கள். "அப்பா பெயர்" என்றால் திருப்தியில்லை. எந்தச் சாதி என்று நேரடியாகக் கேட்க வெட்கம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

எங்களோடு உள்ளூர்ப் பணியாளர்கள் நான்கு பேர்: வழிகாட்டி, சமையல்காரர், கோவேறு கழுதை ஓட்டுபவர், பிறகு பத்தொன்பது வயதுத் தம்பி ஒருவன். முகாமுக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு மணி நேரத்தில் ஒரு குட்டி ஊர் எழுந்துவிடும். நடுவில் சாப்பாட்டுக் கூடாரம், அதை ஒட்டிச் சமையல் கூடாரம், சுற்றித் தூங்கும் கூடாரங்கள், தள்ளி ஒதுக்குப்புறமாகக் கழிப்பறைக் கூடாரம். கழிப்பறைக் கூடாரம் என்றால் ஒரு குழி, அதைச் சுற்றித் துணி, மூடுவதற்கு மண். ஒவ்வொரு முகாமிலும் அந்தக் குழியைத் தோண்டியதும், கிளம்பும்போது மூடியதும் அந்தத் தம்பிதான். தண்ணீர் பிடித்து வருவது அவன் வேலை அல்ல. சமையல் கூடாரத்துக்குள் அவன் காலெடுத்து வைக்கவும் இல்லை. தன் சொந்தத் தட்டை நீட்டி வெளியே வாங்கி, கழுதைகள் கட்டிய இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான்.

மூன்றாம் நாள் இரவு, பாதர் நச்சௌனியில், எங்கள் தோழர் இதைச் சமையல்காரரிடம் கேட்டாள். "அவனுக்கு அதுதான் தீதி பழக்கம்" என்றார் அவர். தோழருக்குக் கோபம் பொங்கிவிட்டது. அப்போது அந்தத் தம்பியே அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்: "தீதி, நீங்க நாலு நாள்ல இறங்கிப் போயிடுவீங்க. நான் இந்தப் பள்ளத்தாக்குலதான் இருக்கணும். அடுத்த சீசனுக்கு இவங்கதான் என்னைக் கூப்பிடணும்." அவன் ஷில்பகார். உத்தராகண்டில் பட்டியல் சாதியினர் தங்களுக்காகப் போராடிப் பெற்ற பெயர் அது. கல்லும் மரமும் இரும்பும் செம்பும் செதுக்கிய கைகளின் பெயர். அந்தக் கைகளில் மண்வெட்டியைக் கொடுத்துக் கழிப்பறைக்குழி தோண்டச் சொல்லியிருந்தார்கள்.

அவன் பயம் வெறும் கற்பனை அல்ல. அதே மாநிலத்தில், 1980-இல் கஃபல்டா கிராமத்தில், மணமகன் பல்லக்கில் கோயில் முன்னால் போனதில் எழுந்த தகராறில் 14 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். 2019-இல் தெஹ்ரி மாவட்டத்தில், திருமண விருந்தில் ஆதிக்க சாதியினர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டதற்காக அடிக்கப்பட்ட இளைஞர் இறந்துபோனார். 2021-இல் சம்பாவத் மாவட்டத்தில், அரசுப் பள்ளியில் தலித் பெண் சமைத்த மதிய உணவை ஆதிக்க சாதி மாணவர்கள் மறுத்தார்கள். வேலை இழந்தவர் அந்தப் பெண்தான். பிறகு எதிர்ப்பு எழுந்ததால் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டார். சோறும் நாற்காலியும் உயிர் குடிக்கும் இடத்தில், நான்கு நாள் விருந்தாளி வீரம் பேசிவிட்டு இறங்கிப் போவது எளிது. விலை கொடுப்பவன் வேறொருவன்.

அதனால் அந்த இரவு நாங்கள் அவனிடம் கேட்டோம், என்ன செய்தால் உனக்குத் தொந்தரவு இல்லை என்று. அவன் சொன்னதை வைத்து எங்களுக்கு மட்டும் ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். பணியாளர்களை எதுவும் சொல்லவில்லை. கழிப்பறைக்குழியை இனி நாங்கள் ஆறு பேரும் முறைவைத்துத் தோண்டுவோம், நாங்களே மூடுவோம். சாப்பாட்டுக் கூடாரத்தில் உட்கார மாட்டோம், எல்லோரும் வெட்டவெளியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம், எங்கள் தட்டை நாங்களே கழுவுவோம். அடுத்த முகாமான பகுவாபாசாவில், கல்லும் உறையும் குளிரில், எங்கள் தோழர்கள் இருவர் குழி வெட்டிக்கொண்டிருந்ததைச் சமையல்காரர் கையில் கரண்டியோடு நின்று பார்த்தார். "நீங்க காசு கொடுத்து வந்தவங்க" என்றார். "அசிங்கம் எங்களுதுதானே" என்றார் எங்கள் தோழர். அன்று இரவு வட்டத்தில் அந்தத் தம்பியும் உட்கார்ந்தான். சமையல்காரர் வட்டத்துக்கு வரவில்லை. ஆனால் ரொட்டியை அவன் தட்டில் கொண்டுவந்து போட்டார். புரட்சி என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் ரொட்டி நடந்து வந்தது.

நான் சொல்லவந்தது இதுதான். ஊரில் சேரி ஏன் தனியாக இருக்கிறது என்று கேட்டால், அப்படித்தான் காலங்காலமாக இருக்கிறது என்பார்கள். மலைமேல் அந்தச் சாக்கும் கிடையாது. முகாமுக்குப் பரம்பரை இல்லை, பட்டா இல்லை, குலதெய்வம் இல்லை. மாலை நான்கு மணிக்கு அங்கே வெறும் புல். ஐந்து மணிக்கு ஒரு ஊர். அந்த ஒரு மணி நேரத்தில் மனிதர்கள் கை தானாகவே ஒரு சேரியையும் சேர்த்துக் கட்டுகிறது என்றால், சாதி நிலத்தில் இல்லை, நம் பழக்கத்தில் இருக்கிறது. பழக்கம் ஒரு மணி நேரத்தில் கட்டியதை, அதே ஒரு மணி நேரத்தில் வேறுமாதிரியும் கட்டலாம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை

ரூப்குண்டுக்கு இப்போது நாங்கள் போனதுபோலப் போக முடியாது. 2018 ஆகஸ்டில் உத்தராகண்ட் உயர்நீதிமன்றம் புக்யால்களில் இரவு தங்குவதைத் தடை செய்தது. பயணிகள் எண்ணிக்கையை 200-க்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. பிளாஸ்டிக்கும் கழிவும் புல்வெளியைத் தின்றுகொண்டிருந்தன என்பது உண்மை. அதே தீர்ப்பால் பள்ளத்தாக்கின் சுமைதூக்கிகளும் கழுதை ஓட்டுபவர்களும் கூலியை இழந்தார்கள் என்பதும் உண்மை. குப்பையைப் போட்டவன் மலையிறங்கி வீட்டுக்குப் போய்விட்டான். வேலை போனது அந்தத் தம்பி போன்றவர்களுக்கு. அதே லோஹாஜங்கிலிருந்து பிரம்மதால் ஏரிக்குப் பாதை இருக்கிறது. இமயம் முழுக்க ஏரிகள் இருக்கின்றன. எங்கே போனாலும் சிலவற்றை மறக்காதீர்கள்.

பணம் கட்டும் முன்பே பயண நிறுவனத்திடம் கேளுங்கள்: சுமை தூக்குபவருக்கு ஒரு நாள் கூலி எவ்வளவு, எத்தனை கிலோ தூக்குகிறார், காப்பீடு உண்டா, அவருக்குக் கூடாரமும் குளிர் உடையும் யார் தருகிறார்கள்? பதில் சொல்லத் தயங்கும் நிறுவனத்தோடு போகாதீர்கள். உங்கள் பையை உங்களால் தூக்க முடிந்தால் நீங்களே தூக்குங்கள். ஆள் வைத்தால் நியாயமான கூலி கொடுத்து, கண்ணைப் பார்த்துப் பேசுங்கள். உங்கள் மலத்துக்கு நீங்களே குழி வெட்டுங்கள். மலம் அள்ளும் வேலைக்கு ஆள் வைப்பதைத் தடைசெய்யும் 2013 சட்டத்துக்காகக் குரல் கொடுத்த இயக்கத்தின் பிள்ளைகள், மலைமேல் வேறொரு தலித் பையன் கையில் அந்த மண்வெட்டியைக் கொடுக்க முடியாது. குப்பை ஒன்றையும் விட்டுவிட்டு இறங்காதீர்கள். ஒரு நாளில் அதிக உயரம் ஏறாதீர்கள். தலைவலி கூடினால் கௌரவம் பார்க்காமல் இறங்குங்கள்.

சட்டத்தையும் கூடவே கொண்டுபோங்கள். அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு கடை, உணவு விடுதி, கிணறு, குளம், நீராடு துறை, சாலை, பொது இடம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, சாதியின் பெயரால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. அந்தப் பட்டியலைப் படிக்கும்போதெல்லாம் தௌலதாபாத் குளத்தருகே நின்ற முப்பது பேர் எனக்குத் தெரிகிறார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இமயமலைக்கும் பொருந்தும்.

கடைசியாக, முதலில் கேட்ட கேள்விக்கு இன்னொரு பதில். 2014 மே 25 அன்று, தெலங்கானா சமூகநல விடுதிப் பள்ளி மாணவர்கள் இருவர் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். ஒருவர் பழங்குடிப் பெண் மாலாவத் பூர்ணா, அப்போது வயது 14 நிறையவில்லை. இன்னொருவர் தலித் மாணவர் ஆனந்த் குமார். விடுதியில் சோறு போட்டால் போதும், இவர்களுக்கு எதற்கு மலை என்று நினைக்காத ஒரு நிர்வாகம் இருந்ததால் அது நடந்தது. எல்லோரும் எவரெஸ்ட் ஏற வேண்டியதில்லை. ஆனால் 'இவர்களுக்கு எதற்கு' என்ற சொற்களை எதிரி சொல்லலாம், நாம் நம் பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது.

சீட்டுக் கட்டுங்கள். பெண் தோழர்களைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏரியில் முகம் கழுவுங்கள். மாலையில் கூடாரம் போடும்போது, யார் எங்கே உட்காருகிறார்கள், யார் கையில் மண்வெட்டி இருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அதன் பிறகு நட்சத்திரங்களைப் பாருங்கள்.

ஜெய்பீம்.